23 நாள் பிரதமர்

கேள்வி: மாடு வளர்த்துப் பால் கறந்து பிழைத்த ஒருவர் ஆஸ்திரேலியாவின் பிரதமராக இருந்தாராமே, யார் அவர்?

பதில்: ஜான் மெக்கியூவன். 1900-ல் விக்டோரியா மாநிலத்தில் பிறந்தவர். ஏழு வயதிலேயே அப்பா, அம்மா இருவரும் இல்லை, பாட்டிதான் வளர்த்தார், 13 வயதில் படிப்பை விட்டு வேலைக்குப் போய்விட்டார். 1918-ல் ராணுவத்தில் சேர்ந்தார், கப்பல் ஏறுவதற்குள் போர் முடிந்துவிட்டது. ஆனாலும் படைவீரர்களுக்கு நிலம் தரும் திட்டத்தில் ஸ்டான்ஹோப்பில் 86 ஏக்கர் கிடைத்தது.

நிலம் இனாம் இல்லை, தவணை கட்ட வேண்டும். கறவை மாட்டுக்கோ ஞாயிறு, பண்டிகை எதுவும் கிடையாது. காலையும் மாலையும் கறந்தே ஆக வேண்டும், விட்டால் மடி கட்டிக்கொண்டு நோய் வந்துவிடும். கறந்த பாலையும் வைத்திருந்து விற்க முடியாது, அதனால் வாங்குகிறவர் சொன்னதுதான் விலை. இப்படி நிலம் வாங்கிய பலர் கடன் தாங்காமல் விட்டுவிட்டுப் போனார்கள். மெக்கியூவன் ஊர்க்காரர்களைச் சேர்த்துப் பால் கூட்டுறவு சங்கம் அமைப்பதில் இறங்கினார், தவணைப் பிரச்சினைக்காக அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றார். அவருடைய அரசியல் பள்ளிக்கூடம் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். 1934-ல் நாடாளுமன்றத்துக்குப் போனவர் 1971 வரை அங்கேயே இருந்தார்.

கேள்வி: பிரதமராக என்ன சாதித்தார்?

பதில்: பிரதமராக இருந்ததே 23 நாள்தான்! 1967 டிசம்பர் 17 அன்று பிரதமர் ஹரோல்ட் ஹோல்ட் கடலில் நீந்தப் போய்க் காணாமல் போனார். அடுத்து யார் என்று ஆளுங்கட்சி முடிவு செய்யும் வரை, அதாவது ஜனவரி 10 வரை, கூட்டணிக் கட்சித் தலைவரான இவர் பொறுப்பில் இருந்தார், அவ்வளவுதான். சாதனை என்றால் வர்த்தக அமைச்சராக 1957-ல் ஜப்பானோடு போட்ட ஒப்பந்தம். இரண்டாம் உலகப் போர் முடிந்து 12 வருடம்தான் ஆகியிருந்தது, ஜப்பான் என்றாலே ஆஸ்திரேலியாவில் பலருக்குக் கோபம், ஜப்பான் சரக்கு வந்து குவியுமே என்று உள்ளூர் ஆலைக்காரர்களுக்குப் பயம். ஆனால் ஆஸ்திரேலியாவின் கம்பளியையும் கோதுமையையும் பிரிட்டனே எப்போதும் வாங்கிக்கொண்டிருக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பத்தே வருடத்தில் பிரிட்டனை முந்திக்கொண்டு ஜப்பான் ஆஸ்திரேலியாவின் முதல் ஏற்றுமதிச் சந்தையாகிவிட்டது.

ஒன்றில் மட்டும் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. உள்ளூர் ஆலைகளைக் காக்க இறக்குமதிக்கு அதிக வரி போட்டார். அப்புறம் விவசாயி வாங்கும் கருவிக்கும் துணிக்கும் விலை ஏறத்தானே செய்யும்.