ஃபோக் ராக் பாடலை முதன்முறை கேட்கும்போதே அந்தக் கிதார் ஒலி ஏன் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது?

நாட்டுப்புறப் பாடலின் எளிய மெட்டும் கதை சொல்லும் வரிகளும் மின்கிதார், டிரம்ஸோடு சேர்ந்தால் அது ஃபோக் ராக். 1965-இல் அமெரிக்காவின் தி பேர்ட்ஸ் குழு வெளியிட்ட ‘மிஸ்டர் டாம்புரின் மேன்’ பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே கிதார் மணிபோல் கலகலக்கும். காரணம், அதில் 12 தந்திகள், அதாவது ஆறு ஜோடிகள். நான்கு ஜோடிகளில் ஒரு தந்தி மற்றதைவிட ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். அப்பாவும் சிறு மகளும் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடுவதுபோல. முதன்முறை அந்தச் சில நொடிகளையே திரும்பத் திரும்பக் கேட்டேன். வரிகள் பிறகுதான் காதில் விழுந்தன. இந்தப் பாடல் பழைய நாட்டுப்புறப் பாடல் என்று தோன்றலாம். உண்மையில் அப்போது இளைஞராக இருந்த அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் புதிதாக எழுதியது.