கொசு குடிச்சு முடிக்கிற வரைக்கும் விட்டா அரிக்காதா? – வாசகர் கடிதம்

அண்ணாவுக்கு வணக்கம்,

கொசு கடிக்கும்போது அடிக்காம விட்டுட்டா, உள்ள விட்ட விஷத்தை ரத்தத்தோட சேத்து அதுவே உறிஞ்சிட்டுப் போயிடும், அரிக்காதுன்னு எங்க மாமியார் சொல்றாங்க. வாட்ஸ்அப்லயும் இதே மாதிரி ஒரு வீடியோ வந்துச்சு. உண்மையா? இன்னொண்ணு, என் அஞ்சு வயசுப் பொண்ணுக்கு கடிச்ச இடம் கன்னாபின்னான்னு வீங்குது, மாமியாருக்கு ஒண்ணுமே ஆகல. ஏன்?
கவிதா

அன்புள்ள கவிதா,

உங்க மாமியார் சொல்றதுல கொஞ்சம் உண்மை இருக்கு. அவங்க விஷம்னு சொல்றது கொசுவோட எச்சில்தான், தான் விட்ட அந்த எச்சில்ல ஒரு பகுதியை அது ரத்தத்தோட சேத்து திரும்ப குடிக்கத்தான் செய்யுது. ஆனா மீதி தோலுக்குள்ளயே தங்கிடும், அரிப்புக்கு அதுவே போதும்.

கொசுவோட அந்த ஊசி ஒரே ஊசி இல்ல, உறைக்குள்ள மொத்தம் 6 இருக்கு. நாலு தோலை அறுக்க, ஒண்ணு ரத்தம் மேல வர, இன்னொண்ணு எச்சில் கீழ இறங்க. ரத்தக்குழாய் எங்க இருக்குன்னு முன்னும் பின்னும் குத்தித் துழாவும்போதே எச்சில் இறங்க ஆரம்பிச்சிடும், அதாவது முதல் சொட்டு ரத்தம் குடிக்கிறதுக்கு முன்னாடியே. டெங்கு வைரஸும் அந்த எச்சில்லதான் வருது, அதனால குடிச்சு முடிக்கட்டும்னு காத்திருக்கிற வேலையே வேணாம்.

அப்படி எச்சில்ல என்னதான் இருக்குன்னா, கீறல் பட்டதும் நம்ம உடம்பு ரத்தக்குழாயைச் சுருக்கும், பிளேட்லெட்டை, அதாவது ரத்தத்துல ஓடுற, காயத்தை அடைக்கிற குட்டிச் செல்லுங்களை ஒட்ட வைக்கும், ரத்தத்தை உறைய வைக்கும், இந்த மூணையும் தடுக்க கொசு புரோட்டீன் வச்சிருக்கு. காயம்பட்ட செல்லுங்க கசிய விடுற ஒரு கெமிக்கல்தான் பிளேட்லெட்டுக்கு சிக்னல், அபைரேஸ்ங்கற என்சைம் அதை உடைச்சுடும். டெங்கு பரப்புற ஏடிஸ் எஜிப்தி சியலோகைனின்னு ஒண்ணை விட்டு குழாயை விரிச்சுக்கும். மலேரியா பரப்புற அனாஃபிலிஸ் கொசுல ரத்தம் உறையறதைத் தடுக்க அனோஃபெலின் இருக்கு. எனக்கு ரொம்ப பிடிச்சது டி7 புரோட்டீன்கள், அதுங்க எதையும் உடைக்காது, செரடோனின், ஹிஸ்டமின் மாதிரி நம்ம உடம்பு விடுற கெமிக்கலுங்களை அப்படியே கவ்விப் பிடிச்சு வச்சுக்கும். ஹிஸ்டமின்தானே அரிப்பைக் கிளப்புறது! குடிச்சு முடிக்கிற வரைக்கும் நமக்குத் தெரியக் கூடாதுங்கறதுல கொசு அவ்வளவு கவனமா இருக்கு.

இதை சோதிச்ச விதம் பிரமாதம். 1960ல ஹட்சன்னு ஒருத்தரும் அவரோட கூட்டாளிகளும் கொசுவோட மெல்லிசான எச்சில் குழாயை வெட்டிட்டு கடிக்க விட்டாங்க. கொசு வயிறு நிறைய குடிச்சது, ஆனா கடிச்ச இடத்துல தடிப்பே வரல! அப்போ எச்சில் தேவையே இல்லையான்னு கேள்வி வரும்ல, அதுக்கு 1984ல ரிபெய்ரோ, ராசிக்னால், ஸ்பீல்மன் மூணு பேரும் பதில் கண்டுபிடிச்சாங்க: எச்சில் இல்லாத கொசுவுக்கு ரத்தக்குழாயைத் தேடிப் பிடிக்கவே ரொம்ப நேரமாகுது. நம்ம கை வந்து அடிக்கிறதுக்குள்ள எந்திரிக்கணுமே, கொசுவுக்கு அந்த நேரம்தான் உயிர். அதே குழு இன்னொண்ணும் பாத்துச்சு, பறவை மலேரியா கிருமி எச்சில் சுரப்பிக்குள்ள புகுந்த கொசுல அபைரேஸ் குறைஞ்சுடுது, அது இன்னும் நிறைய நேரம் துழாவுது. துழாவுறப்பதான் எச்சிலோட கிருமியும் இறங்குது, கிருமிக்கு இதைவிட வேற என்ன வேணும்.

இப்போ உங்க பொண்ணு விஷயம். அரிப்பும் வீக்கமும் அந்த எச்சில் புரோட்டீனுக்கு எதிரா நம்ம உடம்பு பண்றது. முதல் தடவை கடிச்சா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, அப்புறம் மறுநாள் தடிக்கும், அப்புறம் கடிச்ச உடனேயே தடிக்கும், வருஷக்கணக்கா கடி வாங்கினா உடம்பு பழகி கண்டுக்காம விட்டுடும், மெலன்பின்னு ஒருத்தர் 1946லயே இந்த வரிசையை எழுதி வச்சிருக்கார். மாமியார் கடைசிப் படியில இருக்காங்க, பாப்பா நடுவுல இருக்கா. ஐஸ் ஒத்தடம் குடுங்க, சொறிஞ்சு புண்ணாக்காம நகத்தை வெட்டி விடுங்க. வீக்கத்தோட காய்ச்சலும் வந்தாலோ, வீக்கம் பரவிக்கிட்டே போனாலோ டாக்டர்கிட்ட காட்டிடுங்க.