பேனல் வந்தாச்சு, யாரும் தொடவில்லை: நான்கு சனிக்கிழமைகளில் என்ன செய்யலாம்?

கேள்வி: அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியை நான். 6 முதல் 10 வரை வகுப்புகள், 18 ஆசிரியர்கள். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து இரண்டு டச் பேனல்கள் (விரலால் தொட்டு இயக்கும் பெரிய திரைகள்) வாங்கித் தந்தார்கள். விற்ற இடத்திலிருந்து ஒருவர் வந்து ஒரு நாள் பயிற்சியும் கொடுத்துவிட்டுப் போனார். நான்கு மாதம் ஆகிறது. ஒன்றில் யூடியூப் ஓடுகிறது, இன்னொன்று துணி போர்த்தி நிற்கிறது. வரும் கல்வியாண்டில் நான்கு சனிக்கிழமை அரை நாள்களும் 40,000 ரூபாயும் ஒதுக்க முடியும். பயிற்சியை எப்படித் திட்டமிடுவது? ஓய்வு பெற இரண்டே ஆண்டு இருக்கும் எங்கள் தமிழாசிரியர் தனக்கு வேண்டாம் என்கிறார். அவரைக் கட்டாயப்படுத்தலாமா?

பதில்: துணி போர்த்திய பேனலை நான் நிறையப் பள்ளிகளில் பார்த்துவிட்டேன் அம்மா. அதில் என் பங்கும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு பயிற்சி நடத்தினேன். 60 ஆசிரியர்கள், ஒரே நாள், 11 செயலிகள். கைதட்டல், குழுப்படம் எல்லாம் அமர்க்களமாக நடந்தது. ஒரு மாதம் கழித்து விசாரித்தால், கற்றதைப் பயன்படுத்தியவர் ஒரே ஒருவர்தான். கேன்வாவில் தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்திருந்தார். அழகாகத்தான் இருந்தது.

அன்று நான் செயலியிலிருந்து தொடங்கினேன். உங்களுக்கு வந்தவர் பேனலின் பட்டன்களிலிருந்து தொடங்கியிருப்பார். ஆசிரியரோ திங்கட்கிழமை மூன்றாவது பீரியடில் 9-ஆம் வகுப்புக்குள் நுழையும்போது கையில் ஒரு பாடத்தோடு போகிறார். அந்தப் பாடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் எது என்று அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் இந்தப் பெட்டி என்ன உதவி செய்யும் என்பதை மட்டும் யாரும் அவருக்குக் காட்டவில்லை.

அதனால் முதல் சனிக்கிழமை பேனலை ஆன் செய்யவே வேண்டாம். ஆளுக்கு ஒரு சீட்டு கொடுங்கள். அடுத்த ஆறு வாரத்துக்குள் நடத்த வேண்டிய பாடங்களில், வருடாவருடம் எத்தனை முறை சொன்னாலும் பாதி வகுப்புக்கு ஏறாத ஓர் இடத்தை எழுதச் சொல்லுங்கள். ‘வடிவியல்’ என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எந்தத் தேற்றம், அதில் எந்த வரி என்று வர வேண்டும். பிறகு பாடவாரியாக உட்கார்ந்து, எதற்கு பேனல் உண்மையிலேயே தேவை என்று பிரியுங்கள். பாதிச் சீட்டுகள் தள்ளுபடியாகும், ஆகட்டும். எலுமிச்சைச் சாறு நீல லிட்மஸைச் சிவப்பாக்கும் என்பதற்கு வீடியோ எதற்கு? ஒரு பழமும் ஒரு தாளும் போதும்.

தேறும் சீட்டு எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். வட்டவில் ஒன்று மையத்தில் தாங்கும் கோணம், மீதிப் பரிதியில் தாங்கும் கோணத்தைப் போல் இருமடங்கு என்ற தேற்றம். கரும்பலகையில் ஆசிரியர் ஒரு படம்தான் வரைய முடியும். அந்த ஒரு படத்துக்குத்தான் இது பொருந்தும் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுகிறது. படத்தைக் கொஞ்சம் சாய்த்துத் தேர்வில் கேட்டால் விழிக்கிறார்கள். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் அதே வட்டத்தை வரைந்து, பரிதியில் இருக்கும் புள்ளியை விரலால் இழுத்துப் பாருங்கள். புள்ளி நகர்கிறது, கோணம் 40 பாகையிலேயே நிற்கிறது. இன்னும் இழுத்து, புள்ளியை வில்லின் ஒரு முனையைத் தாண்டி மறுபக்கம் கொண்டுபோனால் 40 சட்டென்று 140 ஆகிறது. வகுப்பு ‘ஏன் சார்?’ என்று கேட்கிற இடம் அது. ஆசிரியர் பேனலை விட்டு விலகி, சாக்பீஸை எடுக்க வேண்டிய நேரமும் அதுதான். மொத்தம் ஆறேழு நிமிடம். அந்த ஆறேழு நிமிடத்தைத்தான் பயிற்சியில் ஒத்திகை பார்க்க வேண்டும், முழு மென்பொருளையும் அல்ல.

இரண்டாவது சனிக்கிழமைதான் பேனலுக்கு. மூன்று பேர் கொண்ட ஆறு குழுக்களாகப் பிரியுங்கள், கூடுமானவரை ஒரே பாடக்காரர்களாக. ஒவ்வொரு குழுவும் ஒரு சீட்டை எடுத்து, அந்தத் துண்டுப் பாடத்தைச் சக ஆசிரியர்கள் முன் நடத்திக் காட்டட்டும். பள்ளியில் இளையவராக இருக்கும் ஒருவரைக் ‘கம்ப்யூட்டர் சார்’ ஆக்கி எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டாதீர்கள். அவர் மாற்றலாகிப் போன மறுநாளே துணி திரும்ப ஏறிவிடும்.

அப்புறம் ஒன்று. உற்சாகமூட்டும் பேச்சாளர் யாரையும் கூப்பிட வேண்டாம். ஆசிரியர் பயிற்சியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த தாமஸ் கஸ்கி சொன்னது இது: ஆசிரியரின் நம்பிக்கை முதலில் மாறி, பிறகு வகுப்பு மாறுவதில்லை. வகுப்பில் ஒன்றைச் செய்து பார்த்து, பிள்ளைகளிடம் பலன் தெரிந்த பிறகுதான் நம்பிக்கை வருகிறது. என் அனுபவமும் அதுவே.

இனி, சனிக்கிழமைகளுக்கு நடுவே இருக்கும் வாரங்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சி என்கிறது. அந்தக் கொள்கை மீதான சண்டை இருக்கட்டும். உங்கள் நான்கு அரை நாள்களைக் கூட்டினால் 12 மணி நேரம்தான் தேறும். மீதி வகுப்பறையில்தான் நடந்தாக வேண்டும். புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980-களிலேயே இதை வலியுறுத்தினார்கள்: சொல்லிக் கொடுத்து, நடத்திக் காட்டி, பழகவும் வைத்தால்கூட வகுப்புக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான், கூடவே ஒருவர் வந்து பார்த்துப் பேசினால்தான் நிலைக்கிறது.

அந்த ஒருவர் குழுவிலிருக்கும் சக ஆசிரியர். மாதம் ஒரு முறை ஒருவர் வகுப்புக்கு இன்னொருவர் போக, டைம்டேபிளில் ஒரு காலிப் பீரியடை இப்போதே பொருத்தி வையுங்கள். சப்ஸ்டிட்யூஷன் போடும்போது முதலில் பலியாவது இந்தப் பீரியடாகத்தான் இருக்கும். அதில் கை வைக்காதீர்கள். பார்க்கப் போகிறவர் ஆசிரியரைப் பற்றி ஒரு வரியும் எழுதக் கூடாது. 5, 15, 30-ஆவது நிமிடங்களில் கடைசி பெஞ்ச் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று மூன்று வரி மட்டும். நீங்கள் முதல் பருவத்தில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். தலைமை ஆசிரியை கதவருகே நின்றால் அது ஆய்வு ஆகிவிடும். அன்றைக்கு மட்டும் எல்லாம் ஜோராக நடக்கும்.

பெரியவர்கள் ஒதுங்குவதற்கு முக்கியக் காரணம் சோம்பல் இல்லை, பிள்ளைகள் முன் தடுமாறுவோமோ என்ற கூச்சம். வகுப்புக்கு இரண்டு மாணவர்களைப் பேனல் பொறுப்பாளர்களாகப் போடுங்கள். கேபிள் செருகுவது, சத்தம் வைப்பது, உறைந்துபோனால் அணைத்துப் போடுவது அவர்கள் வேலை. இணையத்தை நம்பி வகுப்புக்குப் போக வேண்டாம். ஜியோஜீப்ராவை நிறுவி வைத்துக்கொள்ளலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) அறிவியல் உருவகங்களையும், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகளையும், இறக்கி வைத்து இணையமின்றி ஓட்டலாம், சில தமிழிலேயே கிடைக்கின்றன.

தமிழ், சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு வரும் தொல்லை வேறு. பழைய வினாத்தாள்களும் குறிப்புகளும் வானவில், பாமினி எழுத்துருக்களில் இருக்கும். பென் டிரைவைச் செருகித் திறந்தால் பேனலில் ‘mk;kh’ மாதிரி ஏதோ வரும். அவ்வளவுதான், ‘இது நமக்குச் சரிப்படாது’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். மூன்றாவது சனிக்கிழமையில் ஒரு மணி நேரத்தை, பழைய கோப்புகளை எந்தக் கருவியிலும் படிக்க முடிகிற யூனிகோடுக்கு மாற்றவும், பேசித் தட்டச்சு செய்யவும் கொடுங்கள். எந்த மென்பொருள் பயிற்சியை விடவும் இதற்கு நன்றி சொல்வார்கள்.

பிள்ளைகள் கையில் கருவி இல்லையே என்று கவலை வேண்டாம். பிளிக்கர்ஸ் என்று ஒரு செயலி உண்டு. 40 அட்டைகளை அச்சிட்டுக் கொடுத்தால் போதும். மாணவர் தன் விடைக்கு ஏற்ப ஏ, பி, சி, டி பக்கம் மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிப்பார். ஆசிரியர் தன் போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றினால், யார் என்ன விடை சொன்னார் என்று வந்துவிடும். எழுத்துகள் பொடியாக இருப்பதால் பக்கத்தில் பார்த்துக் காப்பியடிப்பதும் கஷ்டம். நான்காவது சனிக்கிழமைக்கு இது ஒன்றே போதும்.

நாள்களை ஜூலை, ஆகஸ்ட், அக்டோபர், நவம்பர் என்று வையுங்கள். செப்டம்பரில் காலாண்டும் டிசம்பரில் அரையாண்டும் இருப்பதால் அவற்றைத் தொட வேண்டாம். முதல் ஆண்டில் 10-ஆம் வகுப்பை விட்டுவிடுங்கள். பொதுத்தேர்வு நெருக்கடியில் யாரும் புதிதாகச் சோதித்துப் பார்க்க மாட்டார்கள், பார்க்கச் சொல்வதும் நியாயமில்லை.

பலன் வந்ததா என்று பார்க்க வாட்ஸ்அப் குழுவில் போட்டோ கேட்காதீர்கள். கேட்டால் போட்டோ மட்டும்தான் வரும். அந்தச் சீட்டிலிருந்த இடத்தைப் பற்றி மூன்று கேள்விகள். பாடத்துக்கு முன் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை. இணைப் பிரிவில் பேனல் இல்லாமல் நடத்தியிருந்தால் அங்கேயும் கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் அந்தப் பாடத்துக்கு பேனல் வேண்டாம் என்று எழுதி வையுங்கள், அதுவும் லாபம்தான்.

பணத்தை ஆண்டுச் சந்தா கேட்கும் எதிலும் போடாதீர்கள். பாட வீடியோக்களைத் திறக்கும் க்யூஆர் குறியீடுகள் நம் பாடநூல்களில் 2018-லிருந்தே இருக்கின்றன, தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் பாட வீடியோ செயலியான மணற்கேணியும் 2023-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. பேனல்களுக்கு மின் தடை தாங்கும் யூபிஎஸ், கடைசி பெஞ்ச் வரை கேட்கும் ஸ்பீக்கர், நீளமான எச்டிஎம்ஐ கேபிள், அட்டைகளுக்கு லேமினேஷன். மிச்சமிருப்பதில் நான்கு சனிக்கிழமையும் மதியச் சாப்பாடு போட்டு அனுப்புங்கள்.

தமிழாசிரியரைக் கட்டாயப்படுத்த வேண்டாம், ஒதுக்கிவைக்கவும் வேண்டாம். முதல் சனிக்கிழமை எழுதி வாங்கும் 18 சீட்டுகளையும் அவரிடம் கொடுங்கள். எது பிள்ளைகள் உண்மையிலேயே தடுக்கும் இடம், எது ஆசிரியர் ஒப்புக்கு எழுதிக் கொடுத்தது என்று ஒரே பார்வையில் பிரித்துத் தர, உங்கள் பள்ளியில் அவரைவிடப் பொருத்தமானவர் இருக்க மாட்டார். பிறகு, மூன்று வரி எழுதும் வேலைக்கு அவரையே கடைசி பெஞ்சில் உட்காரவையுங்கள். நாலு வகுப்பு பார்த்த பிறகு பேனலைத் தொடலாமா என்பதை அவரே சொல்லட்டும்.