சிக்னல் குறை போனிலா, மலையிலா? கேள்வி பதில்

(பதில் அளிப்பவர் நீலகிரியில் தொலைத்தொடர்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர்.)

கோத்தகிரி: ஐயா, புதுப் போனில் இரண்டு கோடு, பழையதில் நான்கு. கடைக்காரரோ குறையே இல்லை என்கிறார்.

கோடுகளை நம்பாதீர்கள். எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் சிம் நிலை என்ற பகுதியில் டிபிஎம் கணக்கு, அதாவது சிக்னலின் வலிமையைச் சொல்லும் எண், இருக்கும். மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் மெலிகிறது என்று பொருள். 4ஜியில் மைனஸ் 85 என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 115க்கும் கீழே இறங்கினால் பேச்சு அறுபடும். ஒரே சிம்மை இரண்டிலும் மாற்றிப் போட்டு, ஒரே ஜன்னலோரம் வைத்து, 4ஜியிலேயே பாருங்கள். ஐந்தாறு வித்தியாசம் சும்மா ஆடுவது. எப்போது பார்த்தாலும் பதினைந்து என்றால் கடைக்காரரிடம் சண்டை போடலாம்.

உதகை: மேகமூட்டம் இறங்கினால் சிக்னல் போய்விடுகிறதே?

மேகமூட்டம் இந்த அலைகளை ஒன்றும் செய்யாது. கரண்ட் போய், கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்திருக்கும்.

குன்னூர்: சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் கருவி வாங்கலாமா?

கூடாது. அனுமதியின்றி வைப்பது சட்டவிரோதம். அக்கம்பக்கத்தார் சிக்னலையும் அது கெடுக்கும். வீட்டில் இணையம் இருந்தால் வைஃபை காலிங்கை இயக்குங்கள்.

வெலிங்டன்: கையில் பிடித்தால் சிக்னல் குறையும் என்பதே கட்டுக்கதை. 2010இல் ஐபோன் 4ஐப் பற்றிக் கிளப்பியதும் வெறும் புரளி.

புரளி இல்லை. அதன் விளிம்பைச் சுற்றிய எஃகுச் சட்டம்தான் ஆன்டெனா. இடது கீழ் மூலையில் ஒரு சிறு இடைவெளி. உள்ளங்கை அதை மூடினால் இரு துண்டும் இணைந்து அலைவரிசை பிசகும். மின்னணுக் கருவிகளைச் சோதித்து எழுதிய ஆனந்த்டெக் இணையதளம் அளந்தபோது இறுக்கிப் பிடித்தால் 24 டெசிபல் வரை இறங்கியது; அதாவது 250 மடங்கு. கோடு காட்டும் கணக்கே தவறு, இரண்டு கோடு கூடுதலாகக் காட்டிவிட்டோம் என்று ஆப்பிளே சொன்னது; ஜூலை 16 அன்று இலவச உறையும் அறிவித்தது.

வெலிங்டன்: எல்லாப் போனிலும் குறையும் என்று ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையிலேயே காட்டினாரே!

காட்டினார், அதுவும் உண்மைதான். ஆனந்த்டெக் சோதனையிலேயே, மெலிந்த சிக்னலில் அந்தப் போன் முந்தைய மாடலைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தது. அதற்காக 24 டெசிபல் இல்லையென்று ஆகிவிடுமா?

குன்னூர்: நானும் அந்த ஐபோன் 4 வைத்திருந்தேன். ஒரு முறைகூடப் பேச்சு அறுபட்டதில்லை.

உங்கள் வீடு எங்கே, பஸ் நிலையம் பக்கமா? மைனஸ் 60 டிபிஎம்மில் இருந்து 24 டெசிபல் போனாலும் மைனஸ் 84தான்; கேட்காமல் போகாது. கொடநாடு போகும் வழியில் ஒரு மலை மடிப்புக்குள் நின்று, மைனஸ் 100இல் அதே கையால் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். குறை இருந்தது, கோபுரத்தடியில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

கூடலூர்: போன் கேரளக் கோபுரத்துக்குத் தாவுகிறது.

நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி நீங்களே தேர்ந்தெடுங்கள்.

அருவங்காடு: எனக்கும் இரண்டு கோடுதான், ஐயா.

முதல் பதிலைப் படியுங்கள்.

குன்னூர்: பூஸ்டர் பாதி விலைக்குக் கிடைக்கிறது...

வேண்டாம்.