அதிகாலை மூன்று மணிக்கு ஒரு மீட்டர் ரீடிங்

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் பசுமை வளாகக் குழு அமைத்து, இயற்பியல் பேராசிரியரான என்னை அதன் ஒருங்கிணைப்பாளர் ஆக்கிவிட்டார்கள். நிதி சொற்பம். ஆயிரம் மரக்கன்று நடலாம் என்கிறார் ஒருவர். கூரை முழுக்க சோலார் போடலாம் என்கிறார் இன்னொருவர். பிளாஸ்டிக் தடை என்று பலகை வைத்தால் போதும் என்கிறது நிர்வாகம். எதில் தொடங்குவது?

பதில்: மூன்றிலும் இப்போதைக்கு வேண்டாம். ஒரு விடுமுறை நாளில், அதிகாலை மூன்று மணிக்கு, எலெக்ட்ரீஷியனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வளாகத்தின் முதன்மை மீட்டரைப் போய்ப் பாருங்கள். அந்த நேரத்தில் எத்தனை கிலோவாட் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு வேலை நாள் காலை பதினொரு மணிக்கு இன்னொரு முறை.

எனர்ஜி ஆடிட்டுக்குப் போகும் இடங்களில் நான் முதலில் கேட்பது இந்த இரண்டு எண்களைத்தான். ஒரு வளாகத்தில் இரவு அளவு, பகல் அளவில் பாதியைத் தாண்டியிருந்தது. மீட்டர் பழுது என்று சாதித்தார்கள். மீட்டர் ஒழுங்காகத்தான் இருந்தது.

வாரத்துக்கு 168 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி, ஐந்து நாள் என்று வைத்தால் வகுப்பு நடப்பது 40 மணி நேரம்தான். மீதி 128 மணி நேரமும் கட்டடங்கள் காலியாக இருந்தாலும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. உதாரணத்துக்கு உங்கள் இரவு அளவு 400 கிலோவாட் என்று கொள்வோம். அதில் கால்வாசியைக் குறைத்தாலே வாரத்துக்கு 12,800 யூனிட், ஆண்டுக்கு ஆறரை லட்சம் யூனிட் மிச்சம். நிலக்கரியை நம்பியிருக்கும் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால் 450 டன்னுக்கும் மேல். நன்கு வளர்ந்த மரம் ஆண்டுக்கு உள்வாங்குவது சுமார் 20 கிலோ. ஆயிரம் கன்றும் பிழைத்து வளர்ந்தாலும் 20 டன்தான். மரம் நடுங்கள், நிழலுக்கும் பறவைகளுக்கும் நல்லது. ஆனால் அதைக் கார்பன் கணக்கில் காட்டி நிம்மதி அடையாதீர்கள்.

சரி, ராத்திரியில் எது ஓடுகிறது? விளக்குகள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அவை கண்ணில் படும், அதனால்தான். பெரிய தீனிக்காரர்கள் ஆய்வகக் கட்டடத்தில் இருப்பார்கள். வேதியியல் துறையின் ஃபியூம் ஹூட்டை, அதாவது நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடிக் கதவுப் பெட்டியை, எடுத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்துக் குளிரூட்டிய காற்றை அது நாள் முழுக்க வெளியே தள்ளுகிறது. வெளியே போன அளவுக்குப் புதுக் காற்றை மறுபடி குளிரூட்டியாக வேண்டும். ஒரே ஒரு ஹூட் மூன்று அமெரிக்க வீடுகளுக்கு மேல் ஆற்றல் தின்னக்கூடும் என்று அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தார் கணக்கிட்டிருக்கிறார்கள். ஹார்வர்டில் ஹூட்டின் கண்ணாடிக் கதவை இறக்கி வைப்பதற்கென்றே ஆய்வகங்களுக்குள் போட்டி வைத்தார்கள்.

அதைப் பார்த்து நீங்களும் உடனே ஸ்டிக்கர் அச்சடித்துவிடாதீர்கள். உங்கள் ஹூட் எந்த வகை என்று முதலில் பாருங்கள். கதவை இறக்கினால் காற்றின் அளவும் குறையும் வகை என்றால் மின்சாரம் மிச்சமாகும். காற்று எப்போதும் ஒரே அளவில் ஓடும் பழைய வகை என்றால் கதவை மூடுவது பாதுகாப்புக்கு நல்லது, பில்லில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அங்கே செய்ய வேண்டியது, பயன்படாத ஹூட்களைக் கணக்கெடுத்து, பாதுகாப்பு அதிகாரியின் ஒப்புதலோடு நிறுத்துவது. பாட்டில் அடுக்கும் அலமாரியாகிவிட்ட ஹூட் ஒன்றாவது கிடைக்கும், பாருங்கள்.

அடுத்து, ஆய்வு மாதிரிகளை உறைய வைக்கும் டீப் ஃப்ரீஸர். மைனஸ் 80 டிகிரியில் ஓடும் பழைய பெட்டி ஒன்று நாளுக்கு 20 யூனிட் வரை இழுக்கும். பல மாதிரிகளுக்கு மைனஸ் 70 போதும். அந்தப் பத்து டிகிரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். எந்த மாதிரியை மாற்றலாம் என்பதை ஆய்வாளரே முடிவு செய்யட்டும். முனைவர் பட்டம் வாங்கிப் போய்விட்டவர்களின் பெயர் தெரியாத குப்பிகளை அகற்றினால் ஒரு பெட்டியையே அணைத்துவிடலாம்.

ஏசி காற்றைத் தள்ளும் பெரிய மின்விசிறிகள் மூன்றாவது. விசிறியின் மின் தேவை வேகத்தின் முப்படியைப் பொறுத்தது என்ற விதியை இயற்பியல்காரரான உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின் தேவை பாதியாகிவிடும். டைமரை யாராவது என்றோ ஒரு விழாவுக்காக 'மேனுவல்' பக்கம் திருப்பி, அப்படியே விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். சர்வர் அறையை 18 டிகிரியில் உறைய வைக்கத் தேவையில்லை. உள்ளே போகும் காற்று 27 டிகிரி வரை இருக்கலாம் என்பது குளிரூட்டல் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரேயின் வழிகாட்டுதல்.

தண்ணீருக்கும் இதே வித்தைதான். நள்ளிரவுக்கும் நாலு மணிக்கும் நடுவே தண்ணீர் மீட்டர் சுற்றினால் எங்கோ கசிவு. விடுதி இருக்கும் வளாகத்தில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பாருங்கள்.

சேமிப்பு யாருக்குப் போகிறது என்பதுதான் நிஜமான சிக்கல். மின் கட்டணத்தை மையக் கணக்கு கட்டுகிறது, ஃப்ரீஸரைத் துறை இயக்குகிறது. துறைத்தலைவர் எதற்காக மெனக்கெட வேண்டும்? சிறு நிதி ஒன்றை ஒதுக்கி, அதிலிருந்து துறைகளுக்குக் கடன் கொடுத்து, மிச்சமாகும் கட்டணத்தைக் கொண்டே நிதியை மறுபடி நிரப்பும்படி நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். சுழல் நிதி என்பார்கள். ஹார்வர்டு இப்படி ஒன்றை நடத்தியது. 1990-இல் பிரான்சின் தல்வார் ஊரில் பல்கலைக்கழகத் தலைவர்கள் சூழல் பிரகடனம் ஒன்றை எழுதினார்கள். அதன் பிறகு அதில் பல்கலைக்கழகங்களின் கையெழுத்துகளுக்குக் குறைவில்லை. கையெழுத்துப் போடச் செலவில்லையே!

பிளாஸ்டிக் பலகையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மாற்றுப் பாத்திரமும் கழுவ இடமும் கொடுத்தால் தடை தானாக நடக்கும்.

சோலாரை நான் மறுக்கவில்லை, வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன். மேலே சொன்ன மிச்சத்தை சோலாரில் எடுக்க வேண்டுமென்றால், ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு நான்கு யூனிட் என்று நல்ல வெயில் கணக்குப் போட்டாலும், சுமார் 450 கிலோவாட் தகடுகளும் 4,500 சதுர மீட்டர் கூரையும் வேண்டும். தேவையைக் குறைத்த பிறகு மூன்றாவதாக ஒரு ரீடிங் எடுங்கள்: விடுமுறை நாள் நண்பகலில். வெயில் உச்சத்தில் இருக்கும்போது வளாகத்தின் தேவை குறைவாக இருக்கும் நேரம் அது. உபரி மின்சாரத்துக்கு உங்கள் மின் நிறுவனம் நல்ல விலை தராது என்றால், அந்த எண்ணை ஒட்டியே சோலாரின் அளவை வையுங்கள்.