விவசாய மண்டலத்தில் அடுக்குமாடி வரலாமா?

கேள்வி: பொள்ளாச்சி–பாலக்காடு சாலையை ஒட்டிய எங்கள் ஊரில், மாஸ்டர் பிளான் விவசாயம் என்று காட்டும் தென்னந்தோப்பில் பெரிய அடுக்குமாடி கட்டப் போகிறார்களாம். அனுமதி கிடைக்குமா? நாங்கள் என்ன செய்வது?

பதில்: கிடைக்கலாம். ஆனால் முதலில் நிலப் பயன்பாட்டை மாற்றியாக வேண்டும். 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு அதற்கு வழி தருகிறது. ஆட்சேபம் கேட்டு நாளிதழில் அறிவிப்பு வரும். சர்வே எண்ணை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள், கெடு தவறினால் பிறகு பேசுவது கடினம்.

‘ஊரே எதிர்க்கிறது’ என்ற மனு பெரும்பாலும் நிற்காது. அளவுகளை எழுதுங்கள். 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் அது உயரடுக்குக் கட்டடம். தளப்பரப்புக் குறியீடு (எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பு மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு என்பது) முழுதாக 3.25 வேண்டுமென்றால் 18 மீட்டர் சாலை தேவை. சாலையின் மிகக் குறுகலான இடத்தை டேப் பிடித்து அளந்து படத்தோடு கொடுங்கள். புலப்பட (சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடம்) நகலில் வாய்க்கால் ஓடுகிறதா பாருங்கள். மழைநீர் வழி அடைபடுவதுதான் மிக வலுவான ஆட்சேபம்.

கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். அதைத் தவிர்க்க ஒரே திட்டத்தை இரண்டாகக் காட்டுவதும் உண்டு. நுழைவாயில், கழிவுநீர் வசதி இரண்டுக்கும் பொதுவா என்று கவனியுங்கள், பொதுவென்றால் ஒரே திட்டம் என்று வாதிடலாம். மனை 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 10 சதவீதம் திறந்தவெளியாக நிலமாகவே தர வேண்டும், பணம் கட்டித் தப்ப முடியாது.