பிறக்கும் முன்பே முதுகில் ஆபரேஷனா?

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கும் என் மகளுக்கு இப்போது 21 வாரம். குழந்தைக்கு முதுகுத்தண்டு மூடவில்லை என்று ஸ்கேனில் தெரிந்திருக்கிறது. வயிற்றில் இருக்கும்போதே சிறு துளை போட்டுச் சரிசெய்யலாம் என்கிறார்களாம். குழந்தை நடக்குமா, டாக்டர்? கிரகணத்தன்று வெளியே போனாள், அதனால் வந்ததா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அம்மா. கரு தரித்த 28 நாளுக்குள் முதுகு மூடிவிட வேண்டும். பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே தெரியாத நேரம் அது. உங்கள் மகள் எந்தத் தப்பும் செய்யவில்லை. இன்றைக்கே போன் போட்டு அவளிடம் இதைச் சொல்லுங்கள்.

மூடாத இடத்தில் தண்டுவடம் பனிக்குட நீரில் ஊறி, மாதம் ஏற ஏற நரம்புகள் மேலும் கெடுகின்றன. பின்மூளை கீழே இறங்கி, தலையிலும் நீர் கோத்துக்கொள்கிறது. அதனால்தான் பிறக்கும்வரை காத்திருப்பதில்லை. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வயிற்றிலேயே மூடப்பட்ட குழந்தைகளில் 42 சதவீதம் பேர் இரண்டரை வயதில் எந்தத் துணையும் இல்லாமல் நடந்தார்கள். பிறந்தபின் மூடப்பட்டவர்களில் 21 சதவீதம்தான். தலைநீரை வடிக்கக் குழாய் வைக்க வேண்டிய நிலையும் 82 சதவீதத்திலிருந்து 40ஆகக் குறைந்தது. ஆக, நடக்க வாய்ப்பு கூடுகிறது. உறுதி கொடுக்க முடியாது. ஏற்கெனவே கெட்டுப்போன நரம்பு திரும்ப வராது.

அந்த ஆய்வில் கர்ப்பப்பையைக் கீறித்தான் செய்தார்கள். அப்படிச் செய்தால் அடுத்தடுத்த பிரசவமும் சிசேரியன்தான். ஹூஸ்டனில் 2014 முதல் செய்யும் முறை வேறு. அம்மாவின் வயிற்றைத் திறந்து, கர்ப்பப்பையை வெளியே எடுத்து வைத்து, அதில் 4 மில்லிமீட்டர் அளவுக்குத் துளை போடுகிறார்கள். நீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டு கார்பன் டை ஆக்சைடை நிரப்பி, கேமராவில் பார்த்தபடி குழந்தையின் முதுகைத் தைக்கிறார்கள். 'சிறு துளை' என்றதும் அவள் வயிற்றில் வெட்டே இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். கர்ப்பப்பையில் பெரிய தழும்பு விழாததால் சுகப்பிரசவத்துக்கு வழி இருக்கிறது, எனக்கு இதில் பெரிதாகப் படுவது அதுதான். ஆனால் பனிக்குடம் முன்கூட்டியே உடைவதும் குறைமாதப் பிரசவமும் இதிலும் நேரலாம். தாங்கப்போவது அவள் உடம்பு, முடிவை அவளிடமே விடுங்கள்.

26 வாரத்துக்குள் செய்தாக வேண்டும். அதற்குள் எம்ஆர்ஐ, பனிக்குட நீர்ப் பரிசோதனை எல்லாம் முடிய வேண்டும் என்பதால் தள்ளிப்போட நேரமில்லை. அப்புறம், அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும்போது, கரு தரிப்பதற்கு முன்பே டாக்டர் சொல்லும் கூடுதல் அளவில் ஃபோலிக் அமிலம் சாப்பிட வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு பிரசவம்வரை அவளுக்கு ஓய்வு வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும். விசா கையில் இருந்தால் கிளம்புங்கள், அம்மா.